கையில் பிடித்தே ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு அதிர்வுத் தடுப்புள்ள வைடு லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தெருக்கூத்தையும், எருது விடும் விழாவையும், வயல் நடுவே நிற்கும் நடுகற்களையும், புளி தட்டும் வீடுகளையும் படமாக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் லென்ஸ் பற்றித் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். டிரைபாட் வைக்க இடமில்லாத இடங்களில், ஆள் துணையில்லாமல், கேமராவைக் கையில் பிடித்தே வேலை செய்பவர்கள் இவர்கள். அவர்களின் கேள்விகளையும் என் விடைகளையும் கீழே எழுதியிருக்கிறேன். குவியத்தூரத்தை (இந்த எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும்) மி.மீ. கணக்கில் சொல்லும்போது, வேறு விதமாகக் குறிப்பிடாத இடங்களில், 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரை வைத்தே சொல்கிறேன். அதைவிடச் சிறிய சென்சாருள்ள ஏபிஎஸ்-சி கேமரா வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை 1.5 ஆல் (கேனானில் 1.6 ஆல்) வகுத்துக்கொள்ளலாம்.

எனக்கு எத்தனை மி.மீ. லென்ஸ் தேவை?

நீங்கள் எந்த அறையில் நிற்கப் போகிறீர்கள் என்பதே இதை முடிவு செய்கிறது. கூத்துக் கலைஞர்கள் வேடம் கட்டும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்து வகுப்பறையோ கோவிலை ஒட்டிய சிறு கொட்டகையோ, எங்கே போனாலும் ஆறேழு பேர் தரையில் அமர்ந்து கண்ணாடியைக் கையில் பிடித்து அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்டிகளும் பாதி இடத்தை அடைத்திருக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாலும் எதிரில் இருப்பவருக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இராது.

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. தூரத்தை 36 ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், ஃபிரேமுக்குள் எவ்வளவு அகலம் வரும் என்று தெரிந்துவிடும். இரண்டு மீட்டர் தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்தையும், 24 மி.மீ. லென்ஸ் 3 மீட்டர் அகலத்தையும், 16 மி.மீ. லென்ஸ் 4.5 மீட்டர் அகலத்தையும் காட்டும். மூன்று மீட்டர் அகலத்துக்குள் வேடம் கட்டுபவரும் அவருக்கு உதவுபவரும் பக்கத்தில் மிருதங்கத்தைத் தட்டிப் பார்ப்பவரும் அடங்கிவிடுவார்கள். என் அனுபவத்தில் இந்த மாவட்டங்களின் வேலையில் பத்தில் எட்டுப் பங்கு 24 முதல் 35 மி.மீ.க்குள் முடிந்துவிடுகிறது; 16 மி.மீ. வேண்டியிருப்பது அறை உண்மையிலேயே நெருக்கும்போது மட்டும்தான். ஆகவே 16 வரை போகும் ஜூம் லென்ஸை வாங்குங்கள், ஆனால் அதை 16-லேயே வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

வைடு லென்ஸில் நடுக்கமே தெரியாது என்கிறார்களே, பிறகு அதிர்வுத் தடுப்பு எதற்கு?

அப்படிச் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கை அரை பாகை மேலும் கீழும் அசைந்தால், 85 மி.மீ. லென்ஸில் 4கே படத்தின் (3840 பிக்சல் அகலம்) நடுப்பகுதி ஏறக்குறைய 79 பிக்சல் நகரும், 16 மி.மீ. லென்ஸில் அதே அசைவுக்கு 15 பிக்சல்தான் நகரும். ஐந்தில் ஒரு பங்கு என்பது பெரிய சலுகைதான். ஆனால் புகைப்படத்தைப் பார்ப்பது போல வீடியோவை நாம் பார்ப்பதில்லை. அசையாமல் இருக்க வேண்டிய கதவு நிலையும் தூணும் திரையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தால், பேசுபவரின் சொல்லைக் கேட்க வேண்டிய பார்வையாளரின் கவனம் அந்தத் துடிப்புக்குப் போய்விடும். இடைவிடாத அந்தச் சிறு துடிப்பை நீக்குவதில் லென்ஸின் அதிர்வுத் தடுப்பு மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

மற்றொரு பாதியும் உண்டு. கேமரா பக்கவாட்டில் சாய்வதால் உண்டாகும் அசைவு எந்த லென்ஸிலும் ஒரே அளவுதான். அரை பாகை சாய்ந்தால் 4கே படத்தின் இடது, வலது ஓரங்கள் 17 பிக்சல் ஏறி இறங்கும், 16 மி.மீ. ஆனாலும் 200 மி.மீ. ஆனாலும் அதுவே கணக்கு. வைடு லென்ஸில் அடிவானமும் சுவர்களும் முழுதாகத் தெரிவதால் இந்தச் சாய்வு அதிகமாகவே கண்ணில் படும். லென்ஸுக்குள் இருக்கும் தடுப்பினால் இதைத் தொடவே முடியாது.

லென்ஸில் இருக்கும் தடுப்பு, கேமராவில் இருக்கும் தடுப்பு, மின்னணுத் தடுப்பு: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

லென்ஸில் உள்ளது, சுழற்சியை உணரும் சிறு ஜைரோ உணரிகளின் துணையோடு ஒரு கண்ணாடித் தொகுதியை நகர்த்தி, மேல்கீழ் சுழற்சியையும் இடவலச் சுழற்சியையும் ஈடுசெய்கிறது. கேனான் இதை ஐ.எஸ். என்றும், நிக்கான் வி.ஆர். என்றும், சோனி ஓ.எஸ்.எஸ். என்றும், டாம்ரான் வி.சி. என்றும், ஃபியூஜிஃபில்ம் ஓ.ஐ.எஸ். என்றும் அழைக்கின்றன. கேமராவின் பாடிக்குள் இருப்பது சென்சாரையே நகர்த்துவதால், மேற்கண்ட பக்கச் சாய்வையும் ஓரளவு திருத்தும். இரண்டும் சேர்ந்து இயங்கும் அமைப்புகளில் வேலையைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. ஆகவே பாடியில் தடுப்பு இருக்கிறது என்பதற்காக லென்ஸில் தேவையில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

மின்னணுத் தடுப்பு படத்தின் ஓரங்களை வெட்டி, மீதமுள்ள பகுதியை நகர்த்தி நிலைநிறுத்துகிறது. காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொள்கிறது. அதோடு, கேமரா அசைந்த கணத்தில் பதிந்துவிட்ட மங்கலை அதனால் நீக்க இயலாது. ஃபிரேம் நின்றுவிடும், உள்ளே இருக்கும் உருவம் மட்டும் அவ்வப்போது மங்கித் தெளியும். மாலை வெளிச்சத்தில் இது அருவருப்பாகத் தெரியும். நான் அதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

பெட்டியில் '4 ஸ்டாப்', '5 ஸ்டாப்' என்று போட்டிருக்கிறதே, அதிகம் உள்ளதை வாங்கலாமா?

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது அல்லது பாதியாவது. அந்த எண் புகைப்படத்துக்காக அளந்தது. எவ்வளவு மெதுவான ஷட்டர் வேகத்தில் மங்கலில்லாத படம் கிடைக்கும் என்பதையே அது சொல்கிறது. வீடியோவில் ஷட்டர் வேகம் பெரும்பாலும் 1/50 நொடியிலேயே நிற்பதால், அந்த அளவுகோல் நமக்கு நேரடியாகப் பொருந்தாது. ஒரே எண்ணைக் கொண்ட இரண்டு லென்ஸ்களில் ஒன்று படத்தை மெதுவாக மிதக்க விடும். மற்றொன்று பிடித்து வைத்து, பின் சட்டென்று விடும். இதைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்தால்தான் தெரியும்.

நடந்துகொண்டே எடுத்தால் நிற்குமா?

நிற்காது. இந்த ஒரு விடையை ஏற்றுக்கொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அடி எடுத்து வைக்கும்போது கேமரா சுழல்வது மட்டுமன்றி, மொத்தமாகவே மேலேறிக் கீழிறங்குகிறது. 24 மி.மீ. லென்ஸோடு நடக்கும்போது கேமரா 3 செ.மீ. ஏறி இறங்கினால், 60 செ.மீ. தூரத்தில் இருக்கும் தலைப்பாகை 4கே படத்தில் 128 பிக்சல் குதிக்கும். பின்னால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குன்று அசையவே அசையாது. அருகில் உள்ளதை நிறுத்தத் தொலைவில் உள்ளதை ஆட்ட வேண்டும், தொலைவில் உள்ளதை நிறுத்த அருகில் உள்ளதை ஆட்ட வேண்டும். எந்தக் கண்ணாடித் தொகுதியாலும் இரண்டையும் ஒருசேர நிறுத்த முடியாது. வைடு லென்ஸ் வைத்திருப்பவர் ஆட்களுக்கு மிக அருகில் போவார் என்பதால், இந்தச் சிக்கல் அவருக்கே மிகுதி.

நடந்தே ஆக வேண்டிய காட்சிக்கு, கேமராவை மோட்டார்களால் நிலையாகப் பிடிக்கும் கிம்பல் இருக்கிறது. அதில்கூட மேல்கீழ் ஏற்ற இறக்கம் முழுதாகப் போகாது. முழங்காலைச் சற்று மடித்து, குதிகால் முதலில் படுமாறு நடக்கப் பழக வேண்டும். நான் செய்வது வேறு. ஓரிடத்தில் நின்று, கேமரா வாரைக் கழுத்தில் போட்டு விறைப்பாக முன்னே இழுத்துப் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பதினைந்து நொடி எடுக்கிறேன். நடந்துபோய் அடுத்த இடத்தில் நின்று அடுத்த பதினைந்து நொடி எடுக்கிறேன். திண்ணைத் தூண் கிடைத்தால் அதில் சாய்ந்துகொள்கிறேன். இந்த நிலையில் அதிர்வுத் தடுப்புள்ள லென்ஸ் டிரைபாட்டுக்கு நிகரான படத்தைத் தருகிறது.

16 மி.மீ.யில் எடுத்தால் நடுப்பகுதி நிற்கிறது, ஓரங்கள் மட்டும் கூழ் போல ஆடுகின்றன. லென்ஸ் பழுதா?

பழுதில்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்ஸ்கள் ஓரங்களை இழுத்துப் பெரிதாக்கித்தான் அதைச் சாதிக்கின்றன. ஆகவே கேமரா சிறிது சுழலும்போது ஓரத்தில் உள்ள உருவம் நடுவில் உள்ளதைவிட அதிகமாக நகர்கிறது: 35 மி.மீ.யில் 1.26 மடங்கு, 24 மி.மீ.யில் 1.56 மடங்கு, 16 மி.மீ.யில் 2.27 மடங்கு. நடுப்பகுதிக்கு ஏற்ற அளவில் தடுப்பு ஈடுசெய்யும்போது ஓரங்களில் மீதி அசைவு தங்கிவிடுகிறது. சென்சாரை நகர்த்தும் பாடிகளில் இதை அதிகமாகக் காணலாம். கேனான் 2023-இல் வெளியிட்ட ஆர்.எஃப். 10–20 மி.மீ. எஃப் 4 லென்ஸில் இந்த ஓர ஆட்டத்தைக் குறைப்பதற்கென்றே லென்ஸும் பாடியும் ஒத்திசைந்து இயங்கும் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது. ஆனால் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. விலையில்லாத மருந்து, லென்ஸை 16-இலிருந்து 20-க்கோ 24-க்கோ நகர்த்துவதுதான்.

எஃப் 2.8 வாங்கவா, எஃப் 4 வாங்கவா? கூத்து இரவில்தானே நடக்கிறது?

திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்து இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடக்கும். ஏழு மணி நேரம் கையில் பிடித்திருக்கப் போகும் பொருளின் எடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டாம்ரானின் 15–30 மி.மீ. எஃப் 2.8 வி.சி. ஏறத்தாழ 1,100 கிராம், கேனானின் ஆர்.எஃப். 15–35 மி.மீ. எஃப் 2.8 840 கிராம். சோனியின் 16–35 மி.மீ. எஃப் 4 ஓ.எஸ்.எஸ். 518 கிராம். எஃப் எண் சிறியதானால் லென்ஸ் வாங்கும் வெளிச்சம் கூடும்; எஃப் 2.8-க்கும் எஃப் 4-க்கும் இடையே வேறுபாடு ஒரே ஸ்டாப், அதாவது சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 1600-க்குப் பதில் 3200. இன்றைய சென்சார்கள் அதைத் தாங்கும். இரண்டாம் சாமத்தில் தளர்ந்துபோன மணிக்கட்டு தாங்காது. தளர்ந்த கையின் நடுக்கத்தை எந்தத் தடுப்பும் முழுதாக எடுப்பதில்லை. மேடை விளக்கு இப்போது பெரும்பாலும் எல்.இ.டி. என்பதால் ஆட்டத்துக்கு எஃப் 4 போதும். வேடம் கட்டும் அறையில் ஒற்றைக் குண்டு பல்பு மட்டும் இருக்கும் ஊர்களில் எஃப் 2.8-ஐ நினைத்து ஏங்கியிருக்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால், நொடிக்கு 25 ஃபிரேமும் ஷட்டர் 1/50-ம் வைத்தால் டியூப்லைட், எல்.இ.டி. ஆகியவற்றின் சிமிட்டல் பெரும்பாலும் படத்தில் வராது. கேமரா பெட்டியிலிருந்து வரும்போது 30 ஃபிரேமில் இருக்கக்கூடும். முதல் வேலையாக மாற்றுங்கள்.

வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடுகிறதே?

மாந்தோட்டத்தில் நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். அப்படி மூடினால் படத்தின் கூர்மை குறையும். எஃப் 5.6-இல் எடுக்க நான்கு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 16 ஃபில்டர் தேவை. ஆகவே லென்ஸ் வாங்கும்போதே முன்பக்கம் ஃபில்டர் திருகும் வசதி உண்டா என்று பாருங்கள். முன்கண்ணாடி புடைத்திருக்கும் அகல லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது; மேலே சொன்ன டாம்ரான் 15–30 அப்படிப்பட்டதுதான். சுழற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்.டி.யை மிக அகலமான லென்ஸில் உச்ச அளவுக்குத் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறி போன்ற கருநிழல் விழும். இதற்கு நிலையான என்.டி.யே நல்லது.

முகத்தை எவ்வளவு அருகில் எடுக்கலாம்?

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவரைப் படமெடுத்தேன். ஓடு நீக்கிய புளியைக் கல்லின்மேல் வைத்து, ஒரே தட்டில் பிளந்து, விரல் நுனியால் கொட்டையைத் தெறிக்கவிடும் அந்தக் கை வேகம் என்னை இழுக்க, 18 மி.மீ.யில் வைத்தபடியே நெருங்கி நெருங்கி முகத்துக்கு 40 செ.மீ. வரை போய்விட்டேன். எடுத்ததைக் காட்டியபோது அவர் கேமராத் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என் மூஞ்சி ஏன் கண்ணு இப்படி உப்பிக் கெடக்குது?" என்று கேட்டார்.

காரணம் எளியது. மூக்குக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கிறது. 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மூக்கு காதைவிட 1.3 மடங்கு பெரிதாகத் தெரியும். ஒன்றரை மீட்டரிலிருந்து பார்த்தால் 1.08 மடங்கு மட்டுமே. இதைச் செய்வது லென்ஸ் அன்று, தூரம். ஆனால் வைடு லென்ஸ்தான் நம்மை அந்தத் தூரத்துக்கு இழுத்துச் செல்கிறது. தம் வீட்டு வாசலில் நம்மை உட்கார வைத்துப் பேசும் ஒருவரின் முகத்தை விகாரப்படுத்திப் பலருக்குக் காட்டும் உரிமை நமக்கு இல்லை. பேசும் முகத்துக்கு 35 மி.மீ.யும் ஒன்றரை மீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கும் கருவிக்கும் மட்டும் அருகில் போங்கள். அங்கே வைடு லென்ஸ் அழகாக வேலை செய்யும். கல்லும் கையும் பெரிதாகவும், பின்னால் புளிக் குவியலும் வாசலும் முழுதாகவும் ஒரே ஃபிரேமில் வரும். இதற்காகவே லென்ஸ் ஃபோகஸ் செய்யக்கூடிய மிகக் குறைந்த தூரம் 30 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

ஃபிரேமின் ஓரத்தில் ஆளை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். முன்பு சொன்ன அதே ஓர இழுப்பு அவரை அகலமாக்கிவிடும்.

பெயர் சொல்லிச் சிலவற்றைப் பரிந்துரைக்க முடியுமா?

கேனான் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆர்.எஃப்.-எஸ். 10–18 மி.மீ. எஃப் 4.5–6.3 ஐ.எஸ். இருக்கிறது. 2023-இல் வந்தது, எடை 150 கிராம். வெளிச்சம் குறைவாகத்தான் வாங்கும், ஆனால் நாள் முழுதும் தூக்கலாம். பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் 2014-இல் வந்த ஈ.எஃப்.-எஸ். 10–18 மி.மீ. ஐ.எஸ். எஸ்.டி.எம்.; 240 கிராம், 22 செ.மீ. வரை நெருங்கலாம். இதைப் பழைய பொருளாக வாங்கி வேலை தொடங்கியவர்களை நான் அறிவேன், எவரும் வருந்தவில்லை. நிக்கான் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸுக்கு 12–28 மி.மீ. எஃப் 3.5–5.6 பி.இசட். வி.ஆர்., 205 கிராம். மோட்டாரால் இயங்கும் ஜூம் என்பதால் பதிவின் நடுவே மென்மையாக நகர்த்தலாம். சோனி ஏபிஎஸ்-சிக்கு 10–18 மி.மீ. எஃப் 4 ஓ.எஸ்.எஸ்., 225 கிராம். இதை 2022-இல் வந்த 10–20 மி.மீ. எஃப் 4 பி.இசட். லென்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், புதியதில் அதிர்வுத் தடுப்பு இல்லை. ஃபியூஜிஃபில்மில் 10–24 மி.மீ. எஃப் 4 ஓ.ஐ.எஸ்., ஈரத்தைத் தாங்கும் 2020-ஆம் ஆண்டு வடிவமாகப் பார்த்து வாங்குங்கள். ஃபுல் ஃபிரேமில் முன்பு சொன்ன சோனி 16–35 எஃப் 4, கேனான் ஈ.எஃப். 16–35 எஃப் 4 ஐ.எஸ். இரண்டும் 2014-இல் வந்தவை, இன்றும் முழுத் தகுதியுள்ளவை.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நான் வேறு பதில் சொல்வேன். சோனி அல்லது ஃபியூஜிஃபில்ம் ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் டாம்ரான் 17–70 மி.மீ. எஃப் 2.8 வி.சி.யை வாங்கட்டும். அது ஏறத்தாழ 25 முதல் 105 மி.மீ. வரை தருகிறது, 525 கிராம்தான், அகல முனையில் 19 செ.மீ. வரை நெருங்குகிறது. புளி தட்டும் கையும், மேடையில் துரியோதனன் முகமும் ஒரே லென்ஸில் கிடைத்துவிடும்.

10 மி.மீ. லென்ஸ் வாங்கினேன், 4கே-யில் அகலமே இல்லையே?

சில கேமராக்கள் 4கே-யில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் படிக்கின்றன. கேனான் ஈ.ஓ.எஸ். எம்50-இல் மொத்த வெட்டு ஏறத்தாழ 2.5 மடங்கு; அங்கே 10 மி.மீ. லென்ஸ் 25 மி.மீ. போலத்தான் காட்டும். லென்ஸ் வாங்குமுன் உங்கள் பாடியின் வெட்டைக் கணக்கில் சேருங்கள்.

அதிர்வுத் தடுப்பை எப்போது அணைக்க வேண்டும்?

டிரைபாட்டில் வைக்கும்போது அணையுங்கள். இல்லாவிட்டால் சில லென்ஸ்களில் ஃபிரேம் தானாகவே மெல்ல நகரும். நின்ற இடத்தில் கேமராவை வேகமாகத் திருப்பும் காட்சிகளிலும் அணைப்பது நல்லது. எருது விடும் விழாவில் காளை நம்மைக் கடந்து ஓடும்போது கேமராவைத் திருப்பினால், தடுப்பு அந்தத் திருப்பத்தையும் நடுக்கமென்று எண்ணி முதலில் பிடித்து இழுக்கும், பின்பு விடும். திருப்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வெட்டு தெரியும். ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழற்றும்போதும் இதுவே நடக்கும். பரிசலில் கேமராவைத் திருப்பாமல், படகோட்டியையும் துடுப்பையும் ஃபிரேமில் வைத்துக்கொண்டு, பின்னணியைச் சுழல விட்டுவிடுங்கள். உங்களோடு சேர்ந்து அசையும் ஒன்று ஃபிரேமில் இருந்தால் ஆட்டம் இயல்பாகத் தெரியும்.

மின்னிணைப்பில்லாத மேனுவல் லென்ஸைத் தடுப்புள்ள பாடியில் பொருத்தினால், மெனுவில் குவியத்தூரத்தைச் சரியாக உள்ளிட வேண்டும். 14 மி.மீ. லென்ஸுக்கு 50 என்று இருந்தால், சென்சார் தேவைக்கு மேல் நகர்ந்து படத்தை ஆட்டிவிடும்.

ஒகேனக்கல் சாரலில் லென்ஸ் தாங்குமா?

வைடு லென்ஸில் முன்கண்ணாடிமேல் விழும் ஒரு துளி, திறப்பைச் சற்று மூடியதும் படத்தில் தெளிவான கறையாகத் தெரியும். அருவிக்கு எதிரே அரைமணி நேரம் எடுத்த காட்சி முழுவதையும் அப்படி ஒருமுறை இழந்திருக்கிறேன். கேமராத் திரையில் அது தெரியவில்லை, வீட்டில் பெரிய திரையில்தான் தெரிந்தது. அங்கே போகும்போது தெளிந்த யு.வி. ஃபில்டர் ஒன்றும், உலர்ந்த பருத்தித் துணி நான்கும் எடுத்துச் செல்லுங்கள். காற்று உங்களை நோக்கி வீசாத பக்கத்தில் நில்லுங்கள்.

பதிவில் 'கிர்' என்ற ஒலி வருகிறது, ஏன்?

அதிர்வுத் தடுப்பின் மோட்டாரோ ஆட்டோஃபோகஸ் மோட்டாரோ தரும் ஒலி அது. கேமராவில் உள்ள மைக் அதை நேராக வாங்கிக்கொள்கிறது. பேசுபவரின் சட்டையில் காலர் மைக் வையுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது அதிர்வுத் தடுப்பை எப்படிச் சோதிப்பது?

உங்கள் சொந்தக் கேமராவைக் கொண்டுபோங்கள். லென்ஸின் மிக நீண்ட முனையில் வைத்து, எதிர்ச் சுவரில் உள்ள காலண்டரின் எழுத்துகளைக் கையில் பிடித்தபடி முப்பது நொடி தடுப்போடும், முப்பது நொடி தடுப்பில்லாமலும் பதிவு செய்யுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தடுப்பு இயங்கும்போது படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாலோ, சட்டென்று குதித்தாலோ வாங்க வேண்டாம். லென்ஸைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய இரைச்சல் இயல்பானது, உராயும் ஒலி இயல்பன்று. கேமராவை அணைத்த பிறகு லென்ஸை மெதுவாக அசைத்தால் உள்ளே ஏதோ ஆடும் ஒலி சில லென்ஸ்களில் கேட்கும். விடுபட்ட தடுப்புத் தொகுதியின் இயல்பான ஒலி அது. அதைக் காரணம் காட்டி நல்ல லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு 16-இலும் 24-இலும் தலா ஒரு நிமிடம் கடை வாசலில் நின்று எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் ஓரங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் பணம் கொடுங்கள்.